பத்து இன்ச் சக்கரத்துக்குள் ஒரு பிரேக்

செமஸ்டர் முடிந்து ஊருக்குப் போயிருந்தேன். வாசலில் சித்தப்பாவின் கார் ஜாக்கி மேல் நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் நாலு அலாய் வீல், செகண்ட் ஹேண்ட், பளபளவென்று. சித்தப்பா முகம் மட்டும் பளபளக்கவில்லை.

பழைய இரும்பு ரிம் 14 இன்ச். புது அலாய் 15 இன்ச். முன்சக்கரத்தில் மாட்டி நட்டை இறுக்கினால் சக்கரம் சுற்றவே மாட்டேன் என்கிறது. கையால் தள்ளினால் "கிர்ர்ர்" என்று கேலிப்பரில் உரசி நிற்கிறது.

"ஏண்டா, 14-லயே சும்மா சுத்துச்சு. இது 15. பெரிய சக்கரத்துக்குள்ள சின்ன பிரேக்கு எப்படிடா இடிக்கும்? நீதான் காலேஜ் படிக்கிறவன், சொல்லு பாப்போம்" என்றார்.

நான் படிப்பது பி.காம். காஸ்ட் அக்கவுண்டிங்கில் சக்கரம் வராது என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. விற்ற கடையில் கேட்டதற்கு, "அது ஒண்ணும் இல்ல சார், ஒரு ஸ்பேசர் போட்டா சரியாப் போயிரும்" என்று பிஸ்கட் மாதிரி இரண்டு அலுமினியத் தட்டைக் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அடுத்த வாரம் குடும்பத்தோடு கொடைக்கானல் போவதாக இருந்தது. கொண்டை ஊசி வளைவுகளில் சித்தி, பாட்டி, இரண்டு வாண்டுகள், அந்த இரண்டு பிஸ்கட். யோசித்தாலே வயிற்றைக் கலக்கியது. அன்றைக்கு ராத்திரி தேட ஆரம்பித்தவன், ஒரு குட்டிக் காரின் வரலாற்றில் போய் விழுந்தேன். இந்தப் பதிவு அதைப் பற்றித்தான். சித்தப்பாவுக்கான பதில் கடைசியில் வரும், பொறுமையாகப் படியுங்கள் மக்களே :-)

கார் பெயர் மினி. இப்போது பி.எம்.டபிள்யூ விற்கும் மினி இல்லை, அதன் தாத்தா.

1956-ல் எகிப்து சூயஸ் கால்வாயை நாட்டுடைமை ஆக்கியது. அதைத் தொடர்ந்த சண்டையில் கால்வாய் மூடிக்கொள்ள, பிரிட்டனில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. பெட்ரோல் குறைவாகக் குடிக்கும் சின்னஞ்சிறு ஜெர்மன் கார்கள் அங்கே விற்க ஆரம்பித்தன. பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் தலைவர் லெனார்ட் லார்டுக்கு அது பிடிக்கவில்லை. "ஒழுங்கான ஒரு குட்டிக் கார் செய்து கொடு" என்று அலெக் இசிகோனிஸ் என்ற வடிவமைப்பாளரிடம் வேலையை ஒப்படைத்தார்.

இசிகோனிஸ் செய்த காரின் நீளம் 10 அடி. அதற்குள் நாலு பேரும் அவர்கள் பெட்டியும் உட்கார வேண்டும். இன்ஜினைக் குறுக்கே திருப்பி வைத்தார், கியர்பாக்ஸை இன்ஜினுக்கு அடியிலேயே தள்ளினார், முன்சக்கரங்களுக்கு இழுவை கொடுத்தார். அடுத்து அவர் கண்ணில் பட்டது சக்கரம். காருக்குள் சக்கரம் எவ்வளவு பெரிதோ, அவ்வளவு பெரிய மேடு உள்ளே துருத்திக்கொண்டு கால் வைக்கும் இடத்தைச் சாப்பிடும். அதனால் சக்கரத்தைச் சுருக்கினார். அன்றைக்கு மற்ற கார்களில் 13, 14, 15 இன்ச் ரிம்கள் ஓடிக்கொண்டிருந்தன. மினிக்கு 10 இன்ச். அந்த அளவுக்கு டயரை டன்லப் நிறுவனம் புதிதாகச் செய்துகொடுத்தது. இசிகோனிஸ் இன்னும் சிறிதாக 8 இன்ச்தான் கேட்டார், டன்லப்தான் பேசி 10-க்குக் கொண்டுவந்தது என்றும் சொல்வார்கள்.

1959 ஆகஸ்ட் 26-ல் கார் வெளிவந்தது. விலை 500 பவுண்டுக்குள். (காமர்ஸ்காரன் ஒரு இடைச்செருகல் போடாவிட்டால் எப்படி? ஃபோர்டு நிறுவனம் ஒரு மினியை வாங்கி, கடைசி நட் வரை பிரித்துப் போட்டுக் கணக்குப் பார்த்தது. ஒரு காருக்கு 30 பவுண்டு நஷ்டத்தில் விற்கிறார்கள் என்று அவர்களுக்கு விடை வந்ததாம். மார்ஜினல் காஸ்டிங் வகுப்பில் தூங்குகிறவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லலாம்.)

இப்போது பிரேக்குக்கு வருவோம்.

பிரேக் என்பது ஓட்டத்தைச் சூடாக மாற்றும் கருவி, அவ்வளவுதான். வேகம் இரண்டு மடங்கானால் சூடு நாலு மடங்கு. முதல் மினியின் இன்ஜின் 848 சிசி. அதிகபட்ச வேகம் மணிக்கு சுமார் 116 கி.மீ. நாலு சக்கரத்திலும் 7 இன்ச் டிரம் பிரேக். அந்த வேகத்துக்கு அது சமாளித்தது.

டிரம் பிரேக்கில் ஒரு சிக்கல் உண்டு. மூடிய பானைக்குள் இரண்டு ஷூக்கள் விரிந்து பானையின் உட்சுவரில் தேய்க்கின்றன. சூடு வெளியே போக வழி குறைவு. அதோடு பானை சூடாகி விரியும்போது உட்சுவர் ஷூவை விட்டு விலகிப் போகிறது. திரும்பத் திரும்ப மிதித்தால் பெடல் கீழே கீழே போகும், கார் நிற்காது. மலையிறக்கத்தில் லாரிகளுக்கு என்ன ஆகிறது என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

டிஸ்க் பிரேக்கில் தட்டு காற்றில் திறந்தபடி சுற்றுகிறது. இரண்டு பக்கமும் கேலிப்பர் கிடுக்கி மாதிரி பிடிக்கிறது. சூட்டில் தட்டு தடித்தால் பேடை நோக்கித்தான் வரும், விலகாது. யோசனை பழையது. பிரிட்டனின் ஃபிரெடரிக் லான்செஸ்டர் 1902-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் உலகம் அதைக் கவனித்தது 1953-ல், லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டன்லப் டிஸ்க் பிரேக் போட்ட ஜாகுவார் சி-டைப் ஜெயித்தபோதுதான். மற்றவர்கள் பிரேக்கைக் காப்பாற்றிக்கொள்ள முன்கூட்டியே மிதித்த வளைவுகளில் ஜாகுவார் ஓட்டுநர்கள் கடைசி நொடி வரை வேகமாகப் போனார்கள்.

ஜாகுவாரின் சக்கரம் பெரியது. டிஸ்க் உள்ளே தாராளமாக உட்கார்ந்தது. மினியின் கதை வேறு.

ஜான் கூப்பர் என்பவர் ஃபார்முலா 1 கார் கட்டியவர். 1959, 1960 இரண்டு வருடமும் அவருடைய கார்கள்தான் உலக சாம்பியன். மினியை ஓட்டிப் பார்த்தவருக்கு அதன் வளைவு பிடிக்கும் திறமை பிடித்துப் போயிற்று. இன்ஜினைப் பெரிதாக்கினால் அற்புதமான கார் என்று சொன்னார். இசிகோனிஸுக்கு அதில் அவ்வளவு ஆர்வமில்லை. அவரைப் பொறுத்தவரை அது சாதாரண ஜனங்களின் கார். கூப்பர் மேலே போய் ஜார்ஜ் ஹாரிமனைப் பார்த்து அனுமதி வாங்கினார். 1961-ல் மினி கூப்பர் வந்தது. 997 சிசி, 55 குதிரைத்திறன், வேகம் சுமார் 137 கி.மீ.

116-லிருந்து 137. பதினெட்டு சதவீதம்தான் கூடுதல். ஆனால் சூடு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் பிரேக் விழுங்க வேண்டிய சூடு கிட்டத்தட்ட 40 சதவீதம் கூடுதல். டிரம் தாங்காது, முன்னால் டிஸ்க் வேண்டும். ஆனால் எங்கே வைப்பது?

இங்கேதான் சித்தப்பாவின் கேள்வி வருகிறது. 10 இன்ச் ரிம் என்றால் 254 மில்லிமீட்டர். ஆனால் அந்த 254 முழுவதும் பிரேக்குக்குக் கிடையாது. ரிம் அளவு என்பது டயரின் விளிம்பு உட்காரும் இடத்தின் விட்டம். அதற்கும் உள்ளே ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் இருக்கும். டயரை மாட்டும்போது ஒரு பக்க விளிம்பு அந்தப் பள்ளத்தில் இறங்கினால்தான் மறுபக்கம் ரிம்மைத் தாண்டி ஏறும். வெளியிலிருந்து பார்த்தால் பள்ளம், பிரேக் பக்கமிருந்து பார்த்தால் அது ஒரு மேடு. அந்த மேடு, உலோகத்தின் தடிமன், கேலிப்பர் டிஸ்க்கின் விளிம்பைத் தாண்டிக் கட்டிப்பிடிக்கத் தேவையான இடம், எல்லாம் ரிம் உருள்வதற்குச் சின்ன இடைவெளி, இத்தனையும் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் டிஸ்க்.

மினி கூப்பருக்கு மிஞ்சியது 7 இன்ச், அதாவது 178 மி.மீ. லாக்ஹீட் நிறுவனம் அந்தச் சின்னஞ்சிறு டிஸ்க்கைச் செய்துகொடுத்தது. ஒரு சாப்பாட்டுத் தட்டை விடச் சின்னது! டிரம்மை விடப் பரவாயில்லை, ஆனால் பெரிதாகப் புகழும்படி இல்லை. டிஸ்க்கின் விட்டம் குறைந்தால் இரண்டு வகையில் நஷ்டம். கேலிப்பர் பிடிக்கும் இடம் அச்சுக்குக் கிட்டே வந்துவிடுவதால் நெம்புகோல் குட்டையாகிறது, அதே நிறுத்தத்துக்கு அதிகம் மிதிக்க வேண்டும். சூட்டை வாங்கி வைக்க இரும்பும் குறைவு.

1963-ல் கூப்பர் எஸ். 1071 சிசி, வேகம் சுமார் 150 கி.மீ. இதற்கு டிஸ்க்கை 7.5 இன்ச்சாக ஆக்கினார்கள், மிதியை லேசாக்க சர்வோ உதவியும் சேர்த்தார்கள். அரை இன்ச் கூட்டியதற்கா இவ்வளவு பேச்சு என்று தோன்றும். ஆனால் சக்கரம் அதே 10 இன்ச். அந்த அரை இன்ச்சுக்காக கேலிப்பருக்கும் ரிம்முக்கும் இடையில் இருந்த கடைசி இடம் வரை பயன்படுத்திவிட்டார்கள். அதற்கு மேல் அந்தச் சக்கரத்துக்குள் ஒன்றும் நுழையாது.

அந்தக் குட்டி பிரேக்கோடுதான் மினி மான்டி கார்லோ ராலியை ஜெயித்தது. 1964-ல் பேடி ஹாப்கிர்க், 1965-ல் டிமோ மாக்கினென், 1967-ல் ராவ்னோ ஆல்டோனென். பனி படர்ந்த ஆல்ப்ஸ் மலைப்பாதைகளில் பெரிய பெரிய கார்களுக்கு எதிராக. 1966-லும் முதல் மூன்று இடமும் மினிதான், ஆனால் முகப்பு விளக்கின் பல்பு விதிப்படி இல்லை என்று தகுதிநீக்கம் செய்து சிட்ரோயன் காருக்குப் பரிசைக் கொடுத்துவிட்டார்கள். பிரெஞ்சு நடுவர்கள், பிரெஞ்சு கார்... நான் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த சிட்ரோயனில் ஒரு வேடிக்கை. 1955-ல் வந்த டி.எஸ். மாடலிலிருந்தே அவர்கள் முன் டிஸ்க்குகளைச் சக்கரத்துக்குள் வைக்கவில்லை. கியர்பாக்ஸுக்குப் பக்கத்தில், காரின் நடுவில் வைத்தார்கள். சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட் வழியாக நிறுத்தம் போகும். சக்கரம் எவ்வளவு சின்னதானாலும் கவலை இல்லை, சக்கரத்தின் எடையும் குறையும். அப்படியானால் எல்லாரும் ஏன் அதையே செய்யவில்லை?

ஃபார்முலா 1-ல் லோட்டஸ் 72 செய்தது. முன் பிரேக்குகள் உடம்புக்குள்ளே, சக்கரத்தோடு ஒரு ஷாஃப்டால் இணைத்து. 1970 செப்டம்பர் 5, மோன்ஸா, தகுதிச் சுற்று. பிரேக் போடும் இடத்தில் யோகன் ரிண்ட்டின் கார் திடீரென ஒரு பக்கம் இழுத்துத் தடுப்பில் மோதியது. வலது முன் பிரேக் ஷாஃப்ட் உடைந்திருந்தது. தடுப்பு வேலி சரியாகப் பொருத்தப்படாததும் அவர் சாவுக்குக் காரணம் என்று பிறகு தெரிந்தது. அந்த வருட உலக சாம்பியன் பட்டம் இறந்துபோன அவருக்கே போனது. இன்று வரை அப்படி நடந்தது அந்த ஒரு முறைதான். பிரேக்கும் சக்கரமும் ஒரே ஹப்பில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், நடுவில் உடைவதற்கு ஷாஃப்ட் என்று ஒன்றே கிடையாது. கிட்டத்தட்ட எல்லா கார்களிலும் பிரேக் சக்கரத்துக்குள்ளேயே நெருக்கியடித்துக்கொண்டு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, மினிக்குத் திரும்புவோம். சக்கரம் மாற்றும் பைத்தியம் பரவியது மினியால்தான் என்று சொன்னால் மிகை இல்லை. ஆரம்பத்தில் அது அழகுக்காக இல்லை. பந்தயத்தில் ஓட்டியபோது தொழிற்சாலை இரும்புச் சக்கரங்களின் நடுப்பகுதி விரிசல் விட்டது, வலுப்படுத்திய சக்கரம் தர வேண்டி வந்தது. பிறகு மினிலைட் என்ற எட்டு ஸ்போக் மெக்னீசியம் சக்கரம் பிரபலமானது. எடை குறைவு, வலு அதிகம், ஸ்போக் இடைவெளி வழியாகக் காற்று போய்ப் பிரேக்கைக் குளிர்விக்கும். 7.5 இன்ச் டிஸ்க்குக்கு இந்தக் காற்று பெரிய உதவி. அந்த வடிவத்தைப் பார்த்துச் செய்த அலாய்கள் இன்றும் விற்கின்றன.

பந்தயக்காரர்கள் அகலமான டயரும் கேட்டார்கள். மினியின் சாதாரண ரிம் அகலம் மூன்றரை இன்ச். உட்பக்கம் அகலப்படுத்தினால் சஸ்பென்ஷனில் இடிக்கும். அதனால் வெளிப்பக்கம் தள்ளினார்கள். டயர் உடம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டு வர, மட்கார்டு ஓரத்தில் சட்டை கை மாதிரி ஒரு நீட்டிப்பை ஒட்டினார்கள். இதுதான் ஆஃப்செட்டின் கதை.

ஆஃப்செட் என்ற வார்த்தையைக் கடைக்காரர்கள் மந்திரம் மாதிரி சொல்வார்கள். விஷயம் எளிது. ரிம் அகலத்தின் நட்ட நடுவில் ஒரு கோடு போடுங்கள். சக்கரம் ஹப்பில் போய் உட்காரும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்பதுதான் ஆஃப்செட். முகம் வெளிப்பக்கம் இருந்தால் பாசிட்டிவ், அதாவது சக்கரம் காருக்குள் ஒடுங்கி உட்காரும். உட்பக்கம் இருந்தால் நெகட்டிவ், சக்கரம் வெளியே பிதுங்கும். ரிம் மேல் "ஈடி 45" என்று பொறித்திருப்பது 45 மி.மீ. பாசிட்டிவ் என்று பொருள். ஈடி என்பது ஐன்பிரெஸ்டீஃபெ என்ற ஜெர்மன் வார்த்தையின் சுருக்கம்.

அகலமும் ஆஃப்செட்டும் சேர்ந்தே பார்க்க வேண்டும். 6 இன்ச் அகலம் ஈடி 45-லிருந்து 7 இன்ச் ஈடி 38-க்குப் போகிறீர்கள் என்று வையுங்கள். ஒரு இன்ச் கூடியதில் பாதி, 12.7 மி.மீ., இரண்டு பக்கமும் போகும். ஆஃப்செட் 7 குறைந்ததால் முழுச் சக்கரமும் 7 மி.மீ. வெளியே நகரும். ஆக வெளி விளிம்பு 19.7 மி.மீ. வெளியே, உள் விளிம்பு 5.7 மி.மீ. உள்ளே. டெபிட் கிரெடிட் மாதிரி ஒழுங்காக டேலி ஆகிறது பாருங்கள்.

அந்தக் காலத்துக் கார்களில் ஆஃப்செட் குறைவு, சுழியத்துக்குப் பக்கத்தில் இருப்பதும் உண்டு. இன்றைய முன்சக்கர இழுவைக் கார்களில் 35, 45, 50 என்று இருக்கிறது. ஏன் ஏறியது? இதுவும் பிரேக்கால்தான். ஸ்டீயரிங் திருப்பும்போது முன்சக்கரம் ஒரு சாய்ந்த அச்சில் திரும்புகிறது. அந்த அச்சை நீட்டினால் தரையில் ஓர் இடத்தில் தொடும். அது டயரின் நடுவுக்கு உட்பக்கம் இருந்தால், ஒரு முன்சக்கரத்தில் மட்டும் பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் அந்தப் பக்கம் வெடுக்கென்று இழுக்கும். 1972-ல் வந்த ஆடி 80 காரில் அந்தப் புள்ளியை டயர் நடுவுக்கு வெளிப்பக்கம் கொண்டுவந்தார்கள். இப்போது ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் ஸ்டீயரிங் தானே எதிர்ப்பக்கம் லேசாகத் திரும்பிச் சமன் செய்யும். அந்த தைரியத்தில் பிரேக் குழாய்களைக் குறுக்காகப் பிரித்தார்கள். இடது முன், வலது பின் ஒரு குழாய், வலது முன், இடது பின் இன்னொன்று. ஒன்று ஓட்டையானாலும் மற்றது காரை நேராக நிறுத்தும். இன்று நாம் ஓட்டும் பல கார்களில் இந்தக் குறுக்கு முறைதான்.

இதற்கான விலை என்ன? திரும்பும் அச்சை வெளியே தள்ள வேண்டுமென்றால் அதைத் தாங்கும் மூட்டு சக்கரத்துக்குள் ஆழமாகப் போக வேண்டும். அது உள்ளே வந்தால் டிஸ்க்கும் கேலிப்பரும் இன்னும் வெளியே ஒதுங்க வேண்டும். கேலிப்பரின் முகம் ஸ்போக்கின் முதுகுக்கு மிக அருகில் வந்து நிற்கும். ஆகவே சக்கரத்தின் முகத்தையும் வெளியே தள்ளினார்கள். அதுதான் பெரிய பாசிட்டிவ் ஆஃப்செட். ஒரு காலத்தில் பிரேக் இடிப்பது என்றால் ரிம்மின் சுற்றளவில் இடிப்பது, மினி மாதிரி. இப்போது ஸ்போக்கின் முதுகில் இடிக்கிறது. சித்தப்பா, கவனிக்கவும்.

மினியின் 10 இன்ச் முடிச்சு 1974-ல் அவிழ்ந்தது. 1275 ஜி.டி. மாடலுக்கு 12 இன்ச் சக்கரம், உள்ளே 8.4 இன்ச் டிஸ்க். 1984-ல் எல்லா மினிக்கும் அதே ஏற்பாடு வந்தது, மட்கார்டு ஓரத்தில் பிளாஸ்டிக் நீட்டிப்போடு. இருபது வருடம் முன்பு பந்தயக்காரர்கள் ஒட்டியதை இப்போது தொழிற்சாலையே ஒட்டி அனுப்பியது!

12 இன்ச் சக்கரம் அதே காருக்குள் எப்படி நுழைந்தது? டயரின் உயரம் குறைந்ததால். பழைய 10 இன்ச்சுக்கு 145 அகல ரேடியல் என்றால் பக்கவாட்டு உயரம் சுமார் 116 மி.மீ. மொத்த விட்டம் 486 மி.மீ. புதிய 145/70 டயரில் பக்கவாட்டு 101.5. மொத்தம் 508 மி.மீ. ரிம் 51 மி.மீ. வளர்ந்தது, சக்கரம் மொத்தமாக வளர்ந்ததோ 22 தான். ரப்பரிடமிருந்து எடுத்து இரும்புக்குக் கொடுத்தார்கள். இன்று 16, 17 இன்ச் என்று ஏறிக்கொண்டே போவதும் இதே கணக்குதான். டிஸ்க் 7.5-லிருந்து 8.4 ஆனதில் நெம்புகோல் மட்டும் 12 சதவீதம் கூடியது.

பழைய மினி பிரியர்களிடம் இன்னும் ஒரு சண்டை உண்டு. 1984-க்குப் பிந்தைய காரை வாங்கி, அழகுக்காகப் பழைய 10 இன்ச் சக்கரம் போட ஆசைப்படுவார்கள். 8.4 இன்ச் டிஸ்க் இருக்கும்வரை மாட்ட முடியாது. பழைய 7.5 இன்ச் அமைப்புக்கு இறங்க வேண்டும், அல்லது குட்டி கேலிப்பர் வாங்க வேண்டும். அழகுக்காகப் பிரேக்கைக் குறைப்பதா என்று ஒரு கட்சி, அதே பிரேக்தான் மான்டி கார்லோ ஜெயித்தது என்று எதிர்க்கட்சி. எனக்கு முதல் கட்சிதான். ஹாப்கிர்க் மாதிரி ஓட்டத் தெரிந்தவர்கள் இரண்டாவதில் சேரலாம்.

10 இன்ச் சக்கரம் ஃபார்முலா 1-லும் ஒரு முறை தலைகாட்டியது. 1976-ல் டிரெல் பி34, ஆறு சக்கரக் கார். முன்னால் நாலு குட்டி 10 இன்ச் சக்கரம், முன் மூக்குக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்படி. சின்னச் சக்கரத்தில் சின்ன டிஸ்க்தான் நுழையும், ஆனால் நாலு இருக்கிறதே! அந்த வருடம் ஸ்வீடனில் ஜோடி ஷெக்டர் அதில் ஜெயித்தார், இன்னொரு டிரெல் இரண்டாவது. பிறகு அந்த அளவு டயரை வேறு யாரும் பயன்படுத்தாததால் அதன் வளர்ச்சி பின்தங்கியது. 1977-ஓடு கதை முடிந்தது.

மற்றவர்கள் எல்லாரும் 13 இன்ச்தான். அது 2021 வரை நீடித்தது. 13 இன்ச் என்றால் 330 மி.மீ., உள்ளே முன் டிஸ்க் 278 மி.மீ. சுமார் 300 கி.மீ. வேகத்தில் போகும் காரின் பிரேக் அவ்வளவுதான். 2022-ல் 18 இன்ச் வந்தது, டிஸ்க் சுமார் 330 மி.மீ. ஆனது. அதாவது முந்தின வருடத்து ரிம்மின் அளவுக்கு இந்த வருடத்து டிஸ்க். இதைப் படித்தபோது நான் கால்குலேட்டரில் இரண்டு தடவை சரிபார்த்தேன்.

சரி சித்தப்பா, உங்கள் கார்.

மறுநாள் காலை அலாயைக் கவிழ்த்துப் போட்டு, இரும்பு ரிம்மையும் பக்கத்தில் கவிழ்த்து, இரண்டின் மேலும் ஒரு மரச்சட்டத்தைக் குறுக்கே வைத்து ஸ்கேலால் அளந்தோம். இரண்டிலும் ஈடி 45 என்றுதான் போட்டிருந்தது. ஹப் முகம் கணக்குப்படி சரியாகவே இருந்தது. சுற்றளவில் 15 இன்ச்சுக்குள் இடம் தாராளம். ஆனால் இரும்பு ரிம்மின் நடுப்பகுதி மெல்லிய தகடு, கேலிப்பர் வரும் இடத்தில் வெளிப்பக்கம் வளைந்து ஒதுங்குகிறது. அலாயின் ஸ்போக் தடிமனான வார்ப்பு, அதுவும் அழகுக்காக உட்பக்கம் குழிந்து போகிறது. அதே ஆஃப்செட், பெரிய விட்டம், ஆனாலும் ஸ்போக்கின் முதுகு கேலிப்பர் முகத்தில் போய் முட்டுகிறது. ரிம் மேல் பொறித்திருக்கும் எந்த எண்ணும் இதைச் சொல்லாது. டயர் ஏற்றுவதற்கு முன் வெறும் ரிம்மை மாட்டி, நட்டை இறுக்கி, கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்ப்பது ஒன்றே வழி. கடையில் அதைச் செய்திருந்தால் இரண்டு நிமிட வேலை.

அப்புறம் அந்த பிஸ்கட். 5 மி.மீ. ஸ்பேசர் போட்டால் சக்கரம் சுற்றும், நானே மாட்டிப் பார்த்தேன். ஆனால் நட்டைக் கையால் திருகி எண்ணினோம். பழைய ரிம்மில் ஒன்பது சுற்று போனது. அலாயின் நடுப்பகுதி தடிமன், அதற்கு மேல் ஸ்பேசர், இரண்டும் ஸ்டட்டைத் தின்றுவிட்டு மிச்சம் வைத்தது நாலு சுற்று. 12 மி.மீ. ஸ்டட், ஒரு சுற்றுக்கு ஒன்றரை மி.மீ. ஸ்டட்டின் விட்டம் அளவுக்காவது நட் ஏற வேண்டும் என்பது வழக்கமான கணக்கு, அதாவது எட்டுச் சுற்று. எங்களிடம் இருந்தது அதில் பாதி. போதாக்குறைக்கு ஹப்பின் நடுவளையம் ஸ்பேசருக்குள்ளேயே முடிந்துவிட்டது, சக்கரத்தை நடுவில் பிடித்து வைக்க அந்த நாலு சுற்று மட்டும்தான்.

"நாலு சுத்துல நிக்காதாடா?" என்றார் சித்தப்பா.

"நேர் ரோட்டுல நிக்கலாம் சித்தப்பா. நீங்க கொடைக்கானல்ல போறீங்க, பாட்டி முன் சீட்ல."

பாட்டி உள்ளேயிருந்து, "என்னது, நான் என்ன?" என்று குரல் கொடுத்தது. சித்தப்பா அதற்கு மேல் பேசவில்லை.

அலாயைத் திருப்பிக் கொண்டுபோனோம். கடையில் முழுப்பணம் தரமாட்டோம் என்று நின்றார்கள், சித்தப்பாவும் நின்றார். ஒரு மணி நேரம் கழித்து 2000 ரூபாய் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்தார்கள். இரும்பு ரிம்மிலேயே மலைக்குப் போய் வந்தார்கள். போகும் முன் ரிம்களுக்குக் கருப்பு பெயிண்ட் அடித்து வீல் கேப் புதிதாக வாங்கிப் போட்டோம், 900 ரூபாய். பாட்டிக்கு அலாய்க்கும் வீல் கேப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை, "புதுச் சக்கரம் நல்லாருக்குடா" என்று சொன்னதாம்.